கலைஞானி ஆனந்த குமாரசுவாமி

கோயம்புத்தூருக்கு மேற்கே, நொய்யலாற்றங்கரையில், பேரூர் என்னும் பழம்பதி உள்ளது. அவ்வூரிலுள்ள பட்டீசுவரர் திருக்கோயிலைக் கொங்கு நாட்டு மக்கள் மேலைச் சிதம்பரம் எனப் போற்றுவர். அக்கோயிலின் கனகசபை 17-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அம்மண்டபத்துத் தூண்களில் சிற்பிகள் உயிரோவியங்களைக் கல்லில் வடித்து நிறுத்தியுள்ளனர். யானையின் தோலை உரித்துப் போர்த்த பெருமான், ஒரு காலைத் தலைக்குமேல் தூக்கி ஆடும் ஊர்த்துவ தாண்டவர், ஆலங்காட்டுக் காளி, சினம் பொங்கும் வீரபத்திரர் ஆகிய உருவங்கள் காண்போர் உள்ளத்தைக் கவர்கின்றன. மேலே விதானத்தில் கல்லாலான சங்கிலிகள் தொங்குகின்றன. சபையின் நடுவே ஆடல்வல்லான் திருநடம் புரிகின்றான்.

இவ்வுருவங்களின் முன்னே கொங்கு நாட்டு உழவர் கைகூப்பி நிற்கின்றார். தாய் தன் குழந்தைக்கு அவற்றின் பெயரைச் சொல்லிக் கொடுக்கின்றாள். ஆனால், பண்டைக் காலத்தில் இந்தியாவுக்கு வந்த ஐரோப்பியப் பயணிகள் பலர், இவை போன்ற உருவங்களைக் கண்டு பேய் வடிவங்கள் என்றே எழுதிச் சென்றனர். பல கைகளையும் பல முகங்களையும் கண்டு அவர்கள் அருவருப்புக் கொண்டனர். 19-ஆம் நூற்றாண்டிலே, கலைத் திறனாய்வில் இங்கிலாந்தின் வழிகாட்டியாக விளங்கிய ஜான் ரஸ்கின் என்பவரும், 1859-இல் வெளியிட்ட ஒரு நூலில், இந்தியக் கலை இயற்கையைப் புறக்கணித்து விகார வடிவங்களைப் படைப்பது என்று இகழ்ந்தார்.

உருவம் ஒன்றே. ஒருவர் கண்ணுக்கு அது தெய்வம். மற்றொருவர் கண்ணுக்கு அது பூதம். இவ்வேறுபாடு கல்லில் உள்ளதா, காண்பவர் கருத்தில் உள்ளதா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்காகவே ஓர் அறிஞர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். அவருடைய தந்தை தமிழர். தாய் ஆங்கிலப் பெண்மணி. கிழக்கும் மேற்கும் ஒரே குடும்பத்தில் கலந்த அச்சூழலில் தோன்றிய பெரியார்தாம் ஆனந்த குமாரசுவாமி.

குடியும் பிறப்பும்

யாழ்ப்பாண நாட்டிலுள்ள பருத்தித்துறைப் பகுதியிலிருந்து கொழும்புக்கு வந்து வாழ்ந்த குடும்பம் ஒன்று, 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைத் தமிழருள் பெரும்புகழ் பெற்றிருந்தது. அக்குடும்பத்துக் குமாரசுவாமி முதலியார், இலங்கைச் சட்டசபையில் இடம்பெற்ற முதல் தமிழர். அவருடைய மகன் முத்து குமாரசுவாமி. மகள் செல்லாச்சி, பொன்னம்பல முதலியாரை மணந்து, பின்னாளில் நாட்டுத் தலைவர்களாய் விளங்கிய பொன்னம்பலம் இராமநாதனையும் பொன்னம்பலம் அருணாசலத்தையும் ஈன்றார்.

பொன்னம்பல முதலியார் கொழும்பு நகரில் சிவபெருமானுக்குத் திருக்கோயில் ஒன்று அமைத்தார். தில்லைப் பொன்னம்பலத்தை நினைவூட்டும் வகையில் அது பொன்னம்பலவாணேசுவரம் எனப் பெயர் பெற்றது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராமநாதன் அக்கோயிலைக் கருங்கல்லால் மீண்டும் எழுப்பினார். ஆடல்வல்லானிடத்து அன்பு செலுத்துவது அக்குடும்பத்தின் மரபாக இருந்தது என்பதை இது காட்டுகின்றது.

முத்து குமாரசுவாமி பேரறிவாளர். இங்கிலாந்து சென்று சட்டம் பயின்று, 1863-இல் வழக்கறிஞர் ஆனார். கிறித்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் அந்நாட்டில் அவ்வுரிமை பெற்றது அதுவே முதன்முறை என்பர். அவ்வாண்டிலேயே அவர் அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். வாய்மைக்காக நாடும் மனைவியும் மகனும் இழந்த மன்னனின் கதையை ஆங்கிலேயர் அறிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் அவா. சைவராகிய அவர், பாலி மொழியில் உள்ள பௌத்த நூல்களையும் மொழிபெயர்த்தார். சுத்த நிபாதம் என்னும் நூலின் பகுதிகள் 1874-இல் அவரால் ஆங்கிலத்தில் வெளிவந்தன. அவ்வாண்டிலேயே ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கியது.

முத்து குமாரசுவாமி, எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கிலப் பெண்மணியை மணந்தார். ஆளும் இனம், ஆளப்படும் இனம் என்ற வேற்றுமை மிகுந்திருந்த அக்காலத்தில் அத்தகைய மணம் மிக அரிது. அவ்விருவருக்கும் 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22-ஆம் நாள் கொழும்பில் ஓர் ஆண்மகவு பிறந்தது. அதற்கு ஆனந்த கென்டிஷ் குமாரசுவாமி எனப் பெயரிட்டனர். ஆனந்த என்பது கிழக்கு நாட்டுப் பெயர். கென்டிஷ் என்பது தாய்வழி உறவினர் வாழ்ந்த இங்கிலாந்தின் கென்ட் பகுதியை நினைவூட்டும் பெயர். இவ்வாறு இரு நாட்டு மரபும் அக்குழந்தையின் பெயரிலேயே இடம்பெற்றன.

தந்தையின் அரவணைப்பைப் பெறும் பேறு அக்குழந்தைக்கு வாய்க்கவில்லை. தாயும் மகவும் முன்னரே இங்கிலாந்துக்குச் சென்றிருந்தனர். அவர்களைத் தொடர்ந்து செல்லவிருந்த முத்து குமாரசுவாமி, 1879-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் கொழும்பில் காலமானார். ஆனந்தருக்கு அப்போது இரண்டு வயதும் நிறையவில்லை. தந்தையின் முகமும் தந்தையின் மொழியும் அறியாமலே அவர் வளர்ந்தார்.

கல்வி

ஆனந்தர் இங்கிலாந்தின் இயற்கை எழில் நிறைந்த குளோஸ்டர்ஷயர் பகுதியில், வைக்ளிஃப் என்னும் பள்ளியில் பயின்றார். பின்னர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்து, நிலவியலும் தாவரவியலும் கற்று, 1900-இல் பட்டம் பெற்றார். தோற்றத்தில் கிழக்கு நாட்டவர். நடையுடையிலும் கல்வியிலும் ஆங்கிலேயர். அவர் விரும்பியிருந்தால், இங்கிலாந்திலேயே தங்கி, நிலவியல் அறிஞராய்ப் பெயர் பெற்று, இனிது வாழ்ந்திருக்கலாம். தந்தை நாட்டை மறந்துவிட்டாலும் அவரைக் குறை கூறுவார் எவரும் இலர்.

ஆயினும், மறக்க அவர் மனம் ஒருப்படவில்லை. 1902-ஆம் ஆண்டில் எத்தெல் மேரி பார்ட்ரிட்ஜ் என்னும் நங்கையை மணந்துகொண்டு, இலங்கைக்குப் புறப்பட்டார். 1903 முதல் 1906 வரை அந்நாட்டுக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநராகப் பணிபுரிந்தார். மலையும் காடும் அலைந்து, பாறைகளை உடைத்து ஆராய்ந்தார். தோரியனைட் என்னும் அரிய கனிமத்தைக் கண்டறிந்த பெருமை அவரைச் சாரும். அவருடைய ஆராய்ச்சியைப் பாராட்டி லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது.

கைத்தொழிலின் நிலை கண்டு இரங்கல்

கனிமங்களைத் தேடிச் சிற்றூர்தோறும் சென்ற ஆனந்தர் வேறொன்றையும் கண்டார். ஒரு காலத்தில் கோயில்களுக்கும் அரண்மனைகளுக்கும் அழகு செய்த தச்சரும் கொல்லரும் ஓவியரும் நெசவாளரும் வேலையின்றி வாடினர். எந்திரங்கள் செய்த மலிவான பொருள்கள் மேலைநாட்டிலிருந்து வந்து குவிந்தன. அவற்றை வாங்கி வைப்பதே நாகரிகம் என மக்கள் எண்ணினர். தம் முன்னோரின் உடையும் கலையும் இழிந்தவை என்று கருதியவர்கள் அயல்நாட்டார் மட்டுமல்லர். உள்நாட்டில் ஆங்கிலம் கற்றவர்களும் அவ்வாறே கருதினர். மேலைநாட்டார் கிழக்கை இகழ்ந்தது ஒரு தீமை. அவ்விகழ்ச்சியைக் கிழக்கு நாட்டார் உண்மையென நம்பிவிட்டது அதனினும் பெருந்தீமை என்பதை ஆனந்தர் உணர்ந்தார்.

ஆகவே அவர் நண்பர் சிலருடன் சேர்ந்து, இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் என்னும் அமைப்பை உருவாக்கினார். பொருளற்ற போலி நாகரிகத்தைக் கைவிட வேண்டும், பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி அளிக்க வேண்டும், பழங்கலைகளைக் காக்க வேண்டும் என்று அச்சங்கம் வற்புறுத்தியது.

கண்டி நாட்டுக் கைவினைஞர்களின் தொழில்களை அவர் ஒவ்வொன்றாய் ஆராய்ந்து எழுதினார். அவருடைய மனைவியார் எத்தெல் அப்பொருள்களை ஒளிப்படம் எடுத்து உதவினார். இடைக்காலச் சிங்களக் கலை என்னும் அந்நூல் 1908-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வில்லியம் மாரிஸ் என்னும் ஆங்கிலப் பெரியார், கைத்தொழில் அழிவதைக் கண்டு வருந்தி, கையால் இயக்கும் அச்சுப்பொறி ஒன்றில் அழகிய நூல்களை அச்சிட்டவர். அவர் பயன்படுத்திய அப்பொறியிலேயே ஆனந்தர் தம் நூலை அச்சிட்டார். 425 படிகளை அச்சிட்டு முடிக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. கிழக்கு நாட்டுக் கைவினையைப் போற்றும் நூலுக்கு மேலைநாட்டுக் கைவினையே கருவியாய் அமைந்தது மிகவும் பொருத்தமன்றோ!

எத்தெல் அம்மையாரும் தாம் கண்டவற்றை மறக்கவில்லை. பின்னாளில் அவர் ஆனந்தரைப் பிரிந்து தனி வாழ்வு மேற்கொண்டபோதும், இயற்கைச் சாயம் ஏற்றுவதிலும் கைத்தறி நெசவிலும் ஈடுபட்டு, இங்கிலாந்தின் புகழ்பெற்ற நெசவுக் கலைஞராய் விளங்கினார்.

ஆனந்தர் எந்திரத்தை வெறுத்தவர் என்று சிலர் கூறுவர். அவர் கூறியது அதனினும் நுட்பமானது. கம்பளம் நெய்யும் தறி ஒரு கருவி. அது பாவு நூல்களை இழுத்துப் பிடித்து, நெய்பவரின் விரல்களுக்கு உதவுகின்றது. விசைத்தறியோ மனிதர் செய்யவேண்டிய வேலையையே தான் ஏற்றுக்கொள்கின்றது. முன்னதில் மனிதர் தலைவர். பின்னதில் எந்திரமே தலைமை பெறுகின்றது. இதுவே அவர் காட்டிய வேறுபாடு.

கொங்கு நாட்டு மாணவர்க்கு இதனை விளக்க வேறு சான்று வேண்டுவதில்லை. பவானியில் ஜமக்காளம் நெய்யும் தறியில், கைகளே வண்ணக் கோடுகளின் அழகைத் தீர்மானிக்கின்றன. கோயம்புத்தூரிலோ 1888-இல் முதல் நூற்பாலை தோன்றியது. அதன்பின் ஆலைகள் பெருகி அந்நகரின் முகத்தையே மாற்றின. ஆலையால் பல்லாயிரவர் பிழைத்தனர். தறியால் ஒரு மரபு பிழைத்தது. இரண்டின் பயனையும் எடைபோட்டுப் பார்க்கும்போதுதான் ஆனந்தர் எழுப்பிய வினாவின் ஆழம் புலனாகும். அவர் காட்டிய வேறுபாட்டைப் பொருளியல் அறிஞர் சுமாக்கர், 1973-இல் சிறியதே அழகு என்னும் தம் நூலில் எடுத்தாண்டார்.

லண்டனில் எழுந்த வாதம்

1910-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், லண்டன் அரச கலைச் சங்கத்தில் ஒரு கூட்டம் நடைபெற்றது. சென்னைக் கலைப் பள்ளியிலும் பின்னர்க் கல்கத்தாக் கலைப் பள்ளியிலும் தலைவராய் இருந்த ஈ. பி. ஹாவெல் என்னும் ஆங்கிலேயர், இந்தியக் கலையைப் பற்றி அங்கு உரையாற்றினார். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் சர் ஜார்ஜ் பேர்ட்வுட். இவர் இந்தியாவில் பல்லாண்டு வாழ்ந்தவர். இந்தியக் கைத்தொழில்களைப் பாராட்டி நூல் எழுதியவர். ஆயினும், இந்தியாவில் நுண்கலை என ஒன்று இல்லை என்பது அவர் கொள்கை. சாவா நாட்டுப் புத்தர் சிலையின் படம் ஒன்றைச் சுட்டி, அது வேகவைத்த மாவுப் பண்டம் போன்றது என அவர் எள்ளி நகையாடினார்.

இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பேர்ட்வுட் இந்தியர்மீது பகைமை கொண்டவர் அல்லர். இந்தியரின் கைத்திறனை அவர் ஒப்புக்கொண்டார். கருத்துத் திறனை மட்டும் ஒப்புக்கொள்ள மறுத்தார். அழகிய பானையும் துணியும் செய்ய இந்தியருக்குத் தெரியும்; ஆனால் உயர்ந்த சிந்தனையைக் கல்லில் வடிக்க அவர்களுக்குத் தெரியாது என்பது அதன் பொருள். அக்காலத்து மேலைநாட்டார் பலரின் மனப்பான்மை இதுவே. கிரேக்கச் சிற்பத்தையே அவர்கள் அளவுகோலாகக் கொண்டனர். தசையும் நரம்பும் உள்ளபடி காட்டுவதே சிற்பம் என நினைத்தனர். அவ்வளவுகோலால் அளக்கும்போது, புத்தரின் அமைதி அவர்களுக்கு வெறும் மந்தமாய்த் தோன்றியது.

இவ்விகழ்ச்சியைக் கேட்டு இங்கிலாந்துக் கலைஞரே வெகுண்டனர். அவர்களுள் 13 பேர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று, 1910 பிப்ரவரி 28-ஆம் நாள் டைம்ஸ் இதழில் வெளிவந்தது. புத்தர் திருவுருவம் உலகின் உயர்ந்த கலைப்படைப்புகளுள் ஒன்று என அவர்கள் அறிவித்தனர். அவ்வாண்டிலேயே இந்தியச் சங்கம் என்னும் அமைப்பு லண்டனில் தோன்றியது. ஆனந்தர், ஹாவெல், ஓவியர் ரோதன்ஸ்டைன் முதலியோர் அதற்குத் துணைநின்றனர். இரவீந்திரநாத் தாகூரின் கீதாஞ்சலியை 1912-இல் ஆங்கிலத்தில் முதன்முதல் வெளியிட்டது இச்சங்கமே. அடுத்த ஆண்டில் தாகூர் நோபல் பரிசு பெற்றார்.

ஆடல்வல்லானின் பொருள்

வாதத்தில் வெல்வது எளிது. விளங்க வைப்பது அரிது. ஆனந்தர் அரிய பணியையே மேற்கொண்டார். ஒரு நாட்டுக் கலையை அந்நாட்டு நூல்களைக் கொண்டே அறிதல் வேண்டும் என்பது அவர் கண்ட நெறி. நிலவியல் அறிஞர் பாறையின் அடுக்குகளை ஒவ்வொன்றாய்ப் பிரித்து ஆராய்வதுபோல, அவர் ஒரு திருவுருவத்தின் ஒவ்வோர் உறுப்பையும் ஆராய்ந்து அதன் பொருளைத் தேடினார்.

சைவ சித்தாந்தத்தை ஆங்கிலத்தில் உலகுக்கு உணர்த்தியவர் ஜே. எம். நல்லசுவாமிப் பிள்ளை. அவர் நடத்திய சித்தாந்த தீபிகை என்னும் ஆங்கில இதழில், சிவ நடனத்தைப் பற்றிய ஆனந்தரின் கட்டுரை 1912-இல் வெளிவந்தது. திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய தமிழ் நூல்களின் துணைகொண்டு அவர் ஆடல்வல்லானின் வடிவத்தை விளக்கினார். உடுக்கை ஏந்திய கை படைத்தலைக் குறிக்கும். அஞ்சற்க எனக் காட்டும் கை காத்தலைக் குறிக்கும். தீ ஏந்திய கை அழித்தலைக் குறிக்கும். ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும். காலின்கீழ்க் கிடக்கும் முயலகன் அறியாமையின் வடிவம். உலகம் இயங்குவதும் ஒடுங்குவதும் உயிர்கள் விடுதலை பெறுவதும் ஆகிய எல்லாம் அவ்வொரு வடிவில் அடங்கியிருத்தலை அவர் எடுத்துக்காட்டினார்.

தெய்வத்துக்குப் பல கைகள் இருப்பது இயற்கைக்கு மாறன்றோ எனச் சிலர் வினவினர். 1913-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஆனந்தர் அதற்கு விடை கூறினார். சிற்பி மனித உடலின் படத்தை வரைய முற்படவில்லை. கண்ணுக்குப் புலனாகாத ஆற்றலைக் கண்ணுக்குப் புலனாக்க முற்படுகின்றார். எனவே, கைகள் எத்தனை என்று எண்ணுவதால் பயனில்லை. அவ்வடிவம் தன் கருத்தை முழுமையாய் உணர்த்துகின்றதா என்று பார்த்தலே முறை என்றார்.

சிவ நடனம் என்னும் தலைப்பிட்ட அவருடைய கட்டுரைத் தொகுதி 1918-இல் நியூயார்க்கில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. பிரான்சு நாட்டுச் சிற்பப் பேரறிஞர் ரோடின், சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள திருவாலங்காட்டு நடராசர் திருவுருவத்தின் ஒளிப்படங்களைக் கண்டு வியந்து, 1913-இல் ஒரு புகழுரை எழுதினார். அது 1921-இல், ஆனந்தர், ஹாவெல் ஆகியோரின் கட்டுரைகளுடன் ஒரே நூலில் வெளிவந்தது. பேய் வடிவம் என ஒரு காலத்தில் இகழப்பட்ட திருவுருவத்தை மேலைநாட்டின் தலைசிறந்த சிற்பியே போற்றும் காலம் வந்தது. செனீவா நகருக்கு அருகில் உள்ள அணுத்துகள் ஆராய்ச்சி நிலையத்துக்கு இந்திய அரசு வழங்கிய நடராசர் சிலை 2004-இல் நிறுவப்பட்டது. அதன் பீடத்தருகே ஆனந்தரின் கருத்தும் பொறிக்கப்பட்டுள்ளது.

பேரூரிலும் சிதம்பரத்திலும் வழிபடுவோர்க்கு இவ்விளக்கம் புதியதன்று. அவர்தம் முன்னோர் அறிந்ததே. அதனை உலகம் ஒப்புக்கொள்ளும் மொழியில் எடுத்துரைத்ததே ஆனந்தரின் தொண்டு.

ஏற்கப்படாத கொடை

ஆனந்தர் இந்தியா முழுவதும் சுற்றிப் பழைய ஓவியங்களைத் திரட்டினார். 1910-11-இல் அலகாபாத்தில் நடந்த பெரும் பொருட்காட்சியின் கலைப் பகுதிக்கு அவரே பொறுப்பேற்றார். அதுவரை மொகலாய ஓவியங்கள் எனப் பொதுவாகக் கருதப்பட்டவற்றுள், இராசபுத்திர நாட்டிலும் இமயச் சாரலிலும் தோன்றிய தனி மரபு ஒன்று இருப்பதை அவர் கண்டறிந்தார். இராசபுத்திர ஓவியம் என்னும் அவருடைய நூல் 1916-இல் வெளிவந்தது.

தாம் அரிதின் முயன்று சேர்த்த ஓவியங்களை அவர் நாட்டுக்கே வழங்க விரும்பினார். காசியில் தேசியக் கலைக்கூடம் ஒன்று அமைத்தால் அவற்றை அளிப்பதாக அறிவித்தார். அதற்கு வேண்டிய பொருள் திரளவில்லை; அவர் எண்ணம் கைகூடவில்லை. அந்நிலையில் முதல் உலகப்போர் மூண்டது. அடிமைப்பட்ட நாட்டின் மகனாகிய தாம் ஆங்கிலப் படையில் சேர இயலாது என ஆனந்தர் மறுத்துவிட்டார். பின்னர் அவர் அமெரிக்கா சென்றார். 1917-இல் பாஸ்டன் நகர நுண்கலைக் காட்சிச்சாலை அவருடைய ஓவியத் தொகுதியை ஏற்றுக்கொண்டு, அவரையே இந்தியக் கலைப் பகுதியின் காப்பாளராகவும் அமர்த்திக்கொண்டது. தாய்நாடு ஏற்கத் தவறிய செல்வம் அயல்நாட்டில் மதிப்புடன் இடம்பெற்றது. இராசபுத்திர ஓவியங்களை ஆராய விரும்பும் இந்திய மாணவர் பாஸ்டன் நகரத்தை நாடவேண்டிய நிலை அன்று ஏற்பட்டது. தம்மிடம் இருப்பதன் அருமையைத் தாமே உணராதவர்க்கு நேரும் இழப்பு இதுவே.

இருவழி மரபின் நிறைவு

பாஸ்டனில் 30 ஆண்டுகள் ஆனந்தர் பணிபுரிந்தார். 1927-இல் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாற்றை எழுதினார். புத்தர் திருவுருவம் கிரேக்கரிடமிருந்து வந்தது எனப் பிரெஞ்சு அறிஞர் ஃபூஷே கூறிய கருத்தை, அவ்வாண்டிலேயே மறுத்து எழுதினார். மதுரா நகரத்துப் பழைய இயக்கர் சிலைகளிலிருந்தே இந்தியச் சிற்பிகள் புத்தர் வடிவை உருவாக்கினர் என்று அவர் சான்றுகளுடன் நிறுவ முயன்றார். அவ்வாராய்ச்சி அறிஞரிடையே இன்னும் தொடர்கின்றது. எனினும், கிழக்கில் தோன்றிய உயர்ந்தவை எல்லாம் மேற்கிலிருந்து வந்தவையாகவே இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் அன்றோடு தளர்ந்தது.

வயது முதிர முதிர, அவர் வடமொழி, பாலி நூல்களோடு கிரேக்க, இலத்தீன் நூல்களையும் ஆழ்ந்து கற்றார். பிளேட்டோவின் தத்துவத்தையும், இடைக்கால ஐரோப்பியக் கிறித்தவ ஞானியராகிய அக்குவினாஸ், எக்கார்ட் ஆகியோரின் உரைகளையும் உபநிடதங்களோடு ஒப்பிட்டு நோக்கினார். அப்போது அவருக்கு ஓர் உண்மை புலனாயிற்று. பழங்கால ஐரோப்பியக் கோயிற் சிற்பியும் பேரூர்ச் சிற்பி போன்றவரே. அவரும் தம் பெயரைப் பொறிக்கவில்லை, தம் திறமையைக் காட்டுவதற்காக உளியை எடுக்கவில்லை, வழிபாட்டுக்காகவே வடித்தார். ஆகவே பிளவு கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே இல்லை. பழைய மரபை மறந்த மனத்துக்கும் மறவாத மனத்துக்கும் இடையேதான் உள்ளது என ஆனந்தர் தெளிந்தார்.

தந்தை வழி மரபைத் தேடிப் புறப்பட்டவர், தாய்வழி மரபின் ஆழத்தையும் கண்டார். கொங்கு நாட்டுத் திருச்செங்கோட்டு மலைமேல், ஒரு பாதி ஆணும் ஒரு பாதி பெண்ணுமாய் இறைவன் எழுந்தருளியிருக்கின்றான். இரு பாதியும் இணைந்தே அங்கு ஒரு வடிவம் நிறைவு பெறுகின்றது. ஆனந்தரின் அறிவும் அவ்வாறே நிறைவு பெற்றது.

அவருடைய கருத்துகள் யாவும் குற்றமற்றவை எனக் கூறுதல் இயலாது. பழைய சமூக அமைப்பின் சிறப்பையே அவர் மிகுதியாகக் கண்டார். சாதி முறையால் மக்கள் பட்ட துன்பத்துக்கு உரிய இடம் அளிக்கவில்லை எனப் பிற்கால அறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர். பெரியோர் கூற்றையும் ஆராய்ந்து ஏற்பதே அறிவுடைமை. அதனை ஆனந்தரே விரும்பியிருப்பார். ஏனெனில், அவர் முதலில் ஓர் அறிவியலாளர்.

1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் இந்தியா விடுதலை பெற்றது. அதற்கு ஒரு வாரம் கழித்து ஆனந்தருக்கு 70 வயது நிறைந்தது. பாஸ்டனில் நண்பர்கள் விழா எடுத்தனர். பணியினின்று ஓய்வு பெற்று இந்தியாவுக்குத் திரும்பப் போவதாக அவர் அங்கே அறிவித்தார். ஆனால், அவ்வாண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், பாஸ்டனுக்கு அருகில் உள்ள நீடம் என்னும் ஊரில் அவர் உயிர் நீத்தார். கப்பலேறவிருந்த தந்தையின் பயணம் நின்றதுபோலவே மகனின் பயணமும் நின்றது. கொழும்பு நகரத்துச் சாலை ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

குடிப்பிறப்பு ஒருவர்க்குத் தானே அறிவைத் தந்துவிடுவதில்லை. இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்த ஆனந்தருக்கு மரபு பெயரளவில்தான் கிடைத்தது. அதனைப் பொருளுடையதாக்கியது அவருடைய உழைப்பு. இரு குடியிலும் பிறந்தமையால், ஒருவர் மற்றொருவரை ஏன் தவறாக நோக்குகின்றார் என்பதை உள்ளிருந்தே அவரால் அறிய முடிந்தது. இகழ்ந்தவரை அவர் பகைக்கவில்லை; அவர்தம் அளவுகோல் பொருந்தாது என்பதைச் சான்று காட்டி விளக்கினார். தம்மவர் தம்மையே இகழ்ந்தபோது அதனையும் மறைக்காமல் கண்டித்தார்.

தமிழ்நாட்டில் ஊர்தோறும் கோயில் உண்டு. தெருதோறும் ஏதேனும் ஒரு கைத்தொழிலின் நினைவு உண்டு. அவற்றின் பொருளை அறிந்துகொள்ளுதலும், அறிந்ததைப் பிறர்க்கு அன்போடு விளக்குதலும், பிற நாட்டார் போற்றும் பொருள்களை அவர்தம் கண்கொண்டு நோக்கப் பழகுதலும் மாணவர் கடமையாகும். அக்கடமையைச் செய்வார்க்கு ஆனந்த குமாரசுவாமியின் வாழ்க்கை என்றும் வழிகாட்டியாய் விளங்கும்.